கம்பெனி கேட்டுக்கு உள்ளே போன எம்எஸ்டபிள்யூ

போன மாதம் எங்கள் சமூகப்பணித் துறையின் பழைய மாணவர் கூட்டம் நடந்தது. மேடையில் பேசியவர் எங்களுக்குச் சில செட் முன்னால் படித்தவர், இப்போது ஒரு தொண்டு நிறுவனத்தில் பெரிய பொறுப்பில் இருக்கிறார். நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு இடத்தில், "ஹெச்ஆர் எடுத்தவங்களை விடுங்க, அவங்க கம்பெனி ஆளுங்க. சிடியும் மெடிக்கலும் எடுத்த நீங்கதான் ஒரிஜினல் சோஷியல் ஒர்க்கர்ஸ்" என்றார். ஹெச்ஆர் என்றால் மனிதவளம், சிடி என்றால் சமுதாய மேம்பாடு, எங்கள் படிப்பின் பிரிவுகள். அரங்கம் கைதட்டியது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் நல அலுவலர். அவளும் சிரித்துக்கொண்டே தட்டினாள். பழகிப்போன ஜோக் என்பதால் அவளுக்கு வலிக்கவில்லையாம். வெளியே வந்து டீ குடிக்கும்போது சொன்னாள். எனக்கு ஏனோ அந்த வாக்கியம் அதோடு போகவில்லை. அதைப் பற்றித்தான் எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

எம்எஸ்டபிள்யூ, அதாவது சமூகப்பணி முதுகலை, படித்தவர்களுக்கு இந்தப் பிரிவினை தெரிந்ததுதான். முதல் வருடம் எல்லோரும் ஒரே வகுப்பு. கேஸ்வொர்க் (தனி ஆளோடு செய்யும் பணி), குரூப்வொர்க், சமுதாய அமைப்பு, ஆராய்ச்சி முறைகள் என்று சேர்ந்தே படிப்போம். ரூரல் கேம்புக்கு ஜவ்வாது மலைக்குப் போய் ஒரே அண்டாவில் சாம்பார் வைப்போம். இரண்டாம் வருடம் ஸ்பெஷலைசேஷன் என்று வந்ததும் ஆளாளுக்கு ஒரு பக்கம். ஹெச்ஆர் ஆட்கள் சட்டையை இன் பண்ணிக்கொண்டு வருவார்கள். சிடி ஆட்கள் ஜோல்னாப் பையும் பருத்திக் குர்தாவும். மெடிக்கல் அண்ட் சைக்கியாட்ரி எடுத்தவர்கள் ஏதோ பாதி டாக்டர் ஆகிவிட்டதுபோல நடப்பார்கள். எழுதாத ஒரு தரவரிசை இதில் உண்டு. மக்களோடு தரையில் உட்காருகிறவர் மேலே, சம்பளப் பட்டியலோடு நாற்காலியில் உட்காருகிறவர் கீழே. ஆனால் ஹெச்ஆருக்குத்தான் கூட்டம் அதிகம். வீட்டில் முதல் பட்டதாரி, தலைக்கு மேல் கல்விக்கடன், ராணிப்பேட்டை சிப்காட்டும் ஆம்பூர் வாணியம்பாடி தோல் தொழிற்சாலைகளும் பஸ் ஏறினால் போய்விடுகிற தூரம். வேறு என்ன எடுப்பார்கள்? அவர்களை உள்ளுக்குள் கொஞ்சம் மட்டமாக நினைக்கும் பழக்கத்தையும் படிப்பே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டது.

நான் சிடி எடுத்ததற்குக் காரணம் இருந்தது. குடியாத்தம் பக்கத்துக்காரி. அம்மா பீடி சுற்றியவர். அம்மாவின் பீடித் தொழிலாளர் கார்டு இருந்ததால்தான் பள்ளியில் எனக்கு உதவித்தொகை வந்தது. தோல் தொழிலோ எங்களுக்கு வேறு மாதிரி அறிமுகம். பாலாறு என்றால் மணலும் கழிவுநீரும் என்றுதான் என் தலைமுறைக்குத் தெரியும். சமூகச் சட்டங்கள் வகுப்பில் 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் படித்தோம். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கு அது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று நீதிமன்றம் அதில் சொன்னது. நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் படிக்கிற வழக்கு எங்கள் ஊர் பெயரில் இருப்பதில் ஒரு பெருமையும், எதனால் இருக்கிறது என்று நினைக்கும்போது ஒரு எரிச்சலும். 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டி உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு ஒரு தோல் கம்பெனிக்குள் ஃபைல் தூக்கிக்கொண்டு போவேனா? மாட்டேன் என்று இருந்தேன்.

வாரத்தில் இரண்டு நாள் தெரு

எங்கள் படிப்பின் உயிர் ஃபீல்டுவொர்க்தான். வாரத்தில் இரண்டு நாள் வகுப்பு கிடையாது. ஏதாவது ஒரு ஏஜென்சிக்கு, தொண்டு நிறுவனமோ மருத்துவமனையோ கம்பெனியோ, போக வேண்டும், வந்து ரிப்போர்ட் எழுத வேண்டும், ஐசியில், அதாவது தனிச் சந்திப்பில், ஆசிரியை மேம் முன்னால் உட்கார்ந்து அந்த ரிப்போர்ட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் ஆரியண்டேஷன் விசிட் என்று ஊர் ஊராகக் கூட்டிப்போவார்கள். கே.வி.குப்பத்தில் வேலூர் சிஎம்சி மருத்துவமனை 1977இல் தொடங்கிய ருஹ்சா என்ற கிராம நல மையம், கரிகிரி தொழுநோய் மருத்துவமனை என்று. கரிகிரியில் உணர்ச்சியற்ற பாதங்களுக்கென்றே மைக்ரோசெல்லுலார் ரப்பரில் செருப்பு செய்வதைப் பற்றிச் சொன்னார்கள். புண் வராமல் காப்பாற்றுவதில் மருந்துக்குச் சமமான இடம் அந்தச் செருப்புக்கு உண்டு என்று கேட்டுவிட்டு, அதே மாவட்டத்தில் ஏற்றுமதிக்காகத் தைக்கப்படும் ஷூக்களைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் பஸ் ஏறிவிட்டோம். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

எனக்குக் கிடைத்த ஏஜென்சி பேரணாம்பட்டு சாலையில் சில கிராமங்களில் வேலை செய்தது. வேலை: வளரிளம் பெண்களுக்கான குழுக்கள் அமைப்பது, கூட்டம் நடத்துவது. பீடித் தெரு எனக்குப் புதிதில்லை என்பதால் மற்றவர்களைவிடச் சீக்கிரம் திண்ணையில் இடம் கிடைத்தது. முதல் நாள் ராத்திரி நனைத்து வைத்த இலையைத் தகடு வைத்து வெட்டி, மடியில் முறத்தை வைத்து, தூளைப் போட்டு உருட்டி, நூல் சுற்றி, நுனியை மடித்துவிடுவார்கள். 25 பீடி ஒரு கட்டு. கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று. ஏஜென்ட் கணக்குப் பார்க்கும்போது சரியில்லை என்று சிலதைக் கழித்துத் தள்ளுவார். கழித்ததற்குக் கூலி இல்லை, ஆனால் பீடியும் திரும்பி வராது. பேசிக்கொண்டே நானும் கொஞ்சம் இலை வெட்டுவேன். என் ரிப்போர்ட்டில் அதை 'ராப்போ பில்டிங்', அதாவது நெருக்கம் உண்டாக்குவது, என்று எழுதிக்கொள்வேன்.

அந்தத் தெருவில் ஒரு அக்கா. மகள் ப்ளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். அவளைக் குழுவில் சேர்க்க நான் விடாமல் பேசிக்கொண்டிருந்தேன். தலைமைப் பண்பு, சத்துணவு, சட்ட விழிப்புணர்வு என்று என்னிடம் இருந்ததையெல்லாம் கடை விரித்தேன். அக்கா கை நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: "பாப்பா, குழு கிழு எல்லாம் இருக்கட்டும். பாஸ்புக்கு எங்க மாமியா பேர்ல கீது. கல்யாணம் ஆனதுல இருந்து சுத்தறது நானு. பிஎஃப், கார்டு எல்லாம் அதுக்குத்தான். நான் எந்த நோட்டுலயும் இல்ல. எம் பொண்ணு பேராச்சும் எங்கனா ஒரு நோட்டுல ஏறணும். ஆம்பூர்ல ஷூ கம்பெனியில சேத்து உடறியா?"

பீடித் தெருவில் வளர்ந்த எனக்கே அந்தக் கேள்வி புதிதாக இருந்தது. பீடித் தொழிலாளர்களுக்கு 1966ஆம் ஆண்டிலிருந்து தனிச் சட்டம் இருந்தது, 1976இலிருந்து நலநிதி இருந்தது, பிஎஃப்பும் பொருந்தும். எல்லாம் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். ஆனால் அவை அத்தனையும் பீடிக் கணக்கு எழுதும் அந்தப் பாஸ்புக்கில் யார் பெயர் இருக்கிறதோ அவரோடு நின்றுவிடுகின்றன. ஒரு வீட்டில் நாலு பேர் கை சேர்ந்து சுற்றினாலும் நோட்டில் ஒரே பெயர்தான். மற்ற மூன்று கைகளுக்கும் சொந்தக்காரர்கள் அரசாங்கத்தைப் பொறுத்தவரை இல்லத்தரசிகள். வீட்டிலிருந்து செய்யும் வேலையைத் தொழிலாகப் பதிவு செய்வதில் இருக்கும் ஓட்டை இது. நான் ஓட்டையைப் பற்றிப் படித்தேன், அந்த அக்கா அதற்குள் இருந்தார். அதிலிருந்து மகளை வெளியே எடுக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி, வருகைப் பதிவேடும் சம்பள ரசீதும் இருக்கிற ஒரு இடம்.

ஏஜென்சியில் சொன்னேன். "கம்பெனிக்கு ஆள் பிடிச்சுக் கொடுக்கறது நம்ம வேலை இல்லம்மா" என்றார் ஒருங்கிணைப்பாளர். அவர் அப்படிச் சொன்னதில் நியாயம் உண்டு. மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகளுக்குச் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் தரகர்கள் ஊர் ஊராகப் போய்ப் பெண்பிள்ளைகளை அழைத்துப்போன கதை அவருக்கு நன்றாகத் தெரியும். மொத்தமாகக் கல்யாணத்துக்குப் பணம் தருகிறோம் என்று சொல்லி, விடுதியில் அடைத்து வைத்து வேலை வாங்கிய கதை. எந்தத் தொண்டு நிறுவனமும் அந்தத் தரகர் இடத்தில் போய் நிற்க விரும்பாது. ஐசியில் மேம் என் ரிப்போர்ட்டின் ஓரத்தில் சிவப்பு மையில், உணரும் தேவை வேறு, உண்மையான தேவை வேறு, யோசிக்கவும் என்று எழுதியிருந்தார். யோசித்தேன். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன.

கடைசியில் என் தோழியிடம்தான் கேட்டேன், கூட்டத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த ஹெச்ஆர்க்காரியிடம். அவள் அப்போது ஒரு ஷூ கம்பெனியில் ஃபீல்டுவொர்க் செய்துகொண்டிருந்தாள். "வயசு சர்டிபிகேட், ஆதார், பேங்க் பாஸ்புக் ஜெராக்ஸ் கொண்டு வரச் சொல்லு. எங்க வேன் அந்த ரோட்டுக்கு வருதான்னு பார்க்கறேன்" என்றாள். நான் குழு நடத்தக் கோர்த்த வாக்கியங்களில் ஒன்றுகூட அவள் பேச்சில் இல்லை. அந்தப் பெண் வேலைக்குப் போனாள். சில வாரம் கழித்து அக்கா என்னைக் கூப்பிட்டு, போனில் வந்த ஒரு எஸ்எம்எஸ்ஸைப் படித்துக் காட்டச் சொன்னார். மகளின் பிஎஃப் கணக்குக்கான 12 இலக்க எண். இரண்டு முறை படிக்கச் சொன்னார். அதை நான் ரிப்போர்ட்டில் எழுதவில்லை. என் ஏஜென்சியின் திட்டத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

சட்டம் போட்டுக்கொடுத்த நாற்காலி

ஹெச்ஆர் என்பது சமூகப்பணிப் படிப்பில் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது என்று பலர் நினைக்கிறார்கள். கல்லூரி ஆசிரியர் வேலைக்கான நெட் தேர்வுக்குப் படித்த காலத்தில் வரலாற்றைத் திரும்பப் புரட்டியபோது எனக்கு அப்படித் தெரியவில்லை. 1931இல் வந்த ராயல் தொழிலாளர் கமிஷன் அறிக்கை ஆலைகளில் மேஸ்திரிகளின் ராஜ்யத்தைப் பற்றிப் பேசியது. வேலைக்குச் சேரவும் மேஸ்திரிக்கு லஞ்சம், சேர்ந்த வேலையைக் காப்பாற்றிக்கொள்ளவும் லஞ்சம். ஆள் சேர்க்கும் அதிகாரத்தை அவர்களிடமிருந்து எடுத்துத் தொழிலாளர் அலுவலர் என்று ஒருவரிடம் கொடுங்கள் என்று கமிஷன் பரிந்துரைத்தது. நம் தெருவில் பீடி ஏஜென்ட் எங்கே நிற்கிறாரோ, அங்கே படித்த ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தும் யோசனை அது.

அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, 1936இல், பம்பாயில் சர் தொராப்ஜி டாடா பெயரில் சமூகப்பணிப் பள்ளி தொடங்கியது. இன்றைய டிஸ் (டாடா சமூக அறிவியல் நிறுவனம்) அதுதான். அதன் முதல் இயக்குநர் கிளிஃபோர்ட் மான்ஷார்ட் என்ற அமெரிக்க மிஷனரி, உழைக்கும் மக்கள் நெருக்கியடித்து வாழ்ந்த நாக்பாடா பகுதியில் வேலை செய்துகொண்டிருந்தவர். சென்னையில் 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் தொடங்கிய பள்ளி அப்புறம் வந்தது. இதற்கு நடுவில் 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம் வந்துவிட்டது. 500 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் நல அலுவலர் கட்டாயம் என்றது அதன் 49ஆம் பிரிவு. 50 பெண்களுக்கு மேல் (1976இல் திருத்திய பிறகு 30) இருந்தால் குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது 48ஆம் பிரிவு. 2020இல் நிறைவேறி 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பு நல அலுவலருக்கான அந்த 500ஐ 250 ஆக இறக்கியிருக்கிறது.

நம் பட்டத்துக்கு இந்த நாட்டில் டாக்டருக்கும் வக்கீலுக்கும் இருப்பதுபோல் எல்லாப் பிரிவினரையும் பதிவு செய்யும் தனிக் கவுன்சில் இன்றுவரை கிடையாது. யார் வேண்டுமானாலும் தன்னைச் சமூகப்பணியாளர் என்று சொல்லிக்கொள்ளலாம், அன்னதானம் போடுகிற அரசியல்வாதி உட்பட. அப்படிப்பட்ட படிப்புக்கு, இப்படி ஒருவரை நீ வைத்தே ஆக வேண்டும் என்று முதலாளியிடம் சட்டம் கட்டளை போட்ட வெகுசில இடங்களில் ஒன்று அந்த நாற்காலி. அதில் போய் உட்காருகிறவரைப் பார்த்துத்தான் ஒரிஜினல் இல்லை என்கிறோம்.

கேட்டுக்கு உள்ளே

இதையெல்லாம் புத்தகத்தில் மட்டும் பார்த்திருந்தால் இவ்வளவு உறுதியாக எழுத மாட்டேன். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013இல் வந்தது. பத்துப் பேர் வேலை செய்தாலே உள்ளகக் குழு வேண்டும், அதில் வெளியாள் ஒருவர், தொண்டு நிறுவனத்தைச் சேர்ந்தவரோ இந்தப் பிரச்சினையை அறிந்தவரோ, இருக்க வேண்டும். அந்த வெளியாளாக ஒரு கம்பெனிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டது தோழிதான். குழுவில் வந்த புகார்களைப் பற்றி வெளியே பேசச் சட்டம் அனுமதிப்பதில்லை, நானும் பேசப்போவதில்லை. ஆனால் விசாரணையை அவள் எப்படி ஏற்பாடு செய்தாள் என்பதைச் சொல்லலாம்.

என்னை மாலை நாலரைக்கு வரச் சொன்னால் எனக்கு வசதி. அவள் ஒப்புக்கொள்ளவில்லை. ஐந்தரைக்கு வேன் கிளம்பிவிடும். வேனை விட்டுவிட்டு வீட்டுக்குத் தாமதமாகப் போகிற பெண்ணிடம் மாமியார் கேட்பார், புருஷன் கேட்பான், அடுத்த நாள் ஊரே கேட்கும். அதனால் விசாரணை காலை பதினொரு மணிக்கு, வேலை நேரத்துக்குள், சம்பளத்தில் பிடித்தம் இல்லாமல். கேன்டீன் இல்லாத பக்கமாக, மாடியில் அறை. லைனிலிருந்து அந்தப் பெண்ணை மட்டும் தனியாகக் கூப்பிட்டால் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும் என்பதால், இஎஸ்ஐ கார்டு சரிபார்ப்பு என்று சொல்லி அன்று காலையே ஏழெட்டுப் பேரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கேஸ்வொர்க்குக்கு ஃபீலிக்ஸ் பீஸ்டெக் 1957இல் வகுத்த ஏழு கோட்பாடுகளை நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து மனப்பாடம் செய்தோம். ரகசியம் காப்பது அதில் ஏழாவது. அதைக் காப்பதற்கு வேன் கிளம்பும் நேரம் தெரிந்திருக்க வேண்டும் என்பதை அவளிடம்தான் பார்த்தேன்.

மற்ற நாட்களில் அவள் மேசையில் நடப்பது இன்னும் சாதாரணமானது. ஆதாரில் கணவர் இனிஷியல், பிஎஃப்பில் அப்பா இனிஷியல், பிறந்த தேதி பள்ளிச் சான்றிதழில் வேறு. இந்த ஒரு எழுத்துக்காக உழைத்த பணம் வராமல் நிற்கும். அதைச் சரிசெய்து கொடுப்பாள். பேறுகாலத்துக்கு இஎஸ்ஐயில் 26 வாரச் சம்பளம் கிடைக்கும் என்று தெரியாமல், மூன்றாம் மாதத்திலேயே வேலையை விட்டுவிட்டுப் போகத் துடிக்கிற பெண்ணை உட்கார வைத்து, எத்தனை நாள் வேலை செய்திருந்தால் அது கிடைக்கும் என்று விரல்விட்டு எண்ணிக் காட்டுவாள். சம்பள நாளில் கேட்டுக்கு வெளியே ஏடிஎம் கார்டோடு நிற்கிற புருஷன்மார்களை அவளுக்கு முகம் பார்த்தே தெரியும். இதில் எதற்கும் அவள் பிராசஸ் ரெக்கார்டிங், அதாவது பேசியது நடந்தது எல்லாவற்றின் விரிவான பதிவு, எழுதுவதில்லை. எழுதினால் எங்கள் துறையில் அது நல்ல கேஸ்வொர்க் என்று மார்க் வாங்கும்.

அவள் வேலையில் எனக்கு ஒத்துப்போகாத இடமும் உண்டு. சங்கம் வைப்பதைப் பற்றி லைனில் பேச்சு எழுந்தால், யார் பேசுகிறார்கள் என்று மேலிடம் முதலில் கேட்பது அவளிடம்தான். "என்ன சொல்லுவே?" என்று ஒருமுறை கேட்டேன். "எனக்குத் தெரியாதுன்னு சொல்லுவேன்" என்றாள். எத்தனை முறை அப்படிச் சொல்ல முடியும் என்று நான் மேலே கேட்கவில்லை. டார்கெட் ஏற்றும்போது கழுத்து வலிக்கிறது, கண் எரிகிறது என்று வருகிறவர்களுக்கு அவளால் மாத்திரை தர முடியும், டார்கெட்டைக் குறைக்க முடியாது. முதலாளி சம்பளம் கொடுக்கிற நல அலுவலர் யாருடைய ஆள் என்ற கேள்வி 1948லிருந்தே அந்த நாற்காலியோடு சேர்ந்தே வந்திருக்கிறது. சட்டம் அதைத் தீர்க்கவில்லை.

சரி, எனக்குச் சம்பளம் கொடுப்பது யார்? எங்கள் நிறுவனத்தின் திட்டம் மூன்று வருடத்துக்கு ஒன்று. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை 2020இல் திருத்தினார்கள். நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதத்துக்கு இறங்கியது. அதற்குப் பிறகு ஊழியர்களைக் குறைக்காத நிறுவனம் என் வட்டத்தில் இல்லை. நான் ஃபீல்டுவொர்க்கில் உண்டாக்கிய வளரிளம் பெண்கள் குழுவும் திட்டம் முடிந்ததோடு முடிந்துவிட்டது. பதிவேடு எங்கள் அலுவலக அலமாரியில் இருக்கிறது. சுதந்திரமாக மக்களோடு நிற்கிறோம் என்று சொல்லிக்கொள்கிற நாங்கள் கொடையாளர் போடும் கட்டங்களுக்குள் நிற்கிறோம், அவள் முதலாளி போடும் கட்டத்துக்குள் நிற்கிறாள். இரண்டும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. ஒடுக்குகிறவன் கையாலேயே சம்பளம் வாங்குவது வேறு வகைச் சிக்கல், அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் யார் தூய்மையானவர் என்ற போட்டியில் எங்களுக்குக் கோப்பை கொடுக்க என்ன இருக்கிறது என்றுதான் தெரியவில்லை. பதினைந்து வயதில் பீடித் தெருவில் நான் சந்திக்கும் பெண்ணைத்தான் மூன்று வருடம் கழித்து அவள் தையல் லைனில் சந்திக்கிறாள். ஆள் ஒன்றுதான். படிப்பு எங்கள் இருவரையும் வேறு வேறு அறையில் உட்கார வைத்துவிட்டது.

கூட்டம் முடிந்த வாரத்தில் துறைக்கு ஒரு கடிதம் எழுதினேன். சிடி மாணவர்களுக்கு ஒரு செமஸ்டர் ஃபீல்டுவொர்க் தொழிற்சாலையில் இருக்க வேண்டும், ஹெச்ஆர் மாணவர்களுக்கு ஒரு செமஸ்டர் அந்தத் தொழிலாளர்கள் வருகிற கிராமத்தில். ஸ்பெஷலைசேஷன் இருக்கட்டும், தெரு மட்டும் மாறட்டும். பாடத்திட்டக் குழுவில் வைத்துப் பார்க்கிறோம் என்று பதில் வந்திருக்கிறது. பார்ப்பார்கள். இதற்கிடையில் தோழியிடமும் கேட்டேன், சிடி பிள்ளைகள் நாலு பேரை உன் கம்பெனிக்கு அனுப்பினால் உள்ளே விடுவாயா என்று. "வரட்டும். கேள்வி எல்லாம் கேக்கட்டும். ரிப்போர்ட்டுல கம்பெனி பேரை மட்டும் எழுத வேணாம்னு சொல்லிடு" என்றாள். உன்னிடம் வருகிற ஹெச்ஆர் பிள்ளைகளை நீ பீடித் தெருவுக்கு அனுப்புவாயா என்று திருப்பிக் கேட்டேன். சனிக்கிழமை அரை நாள் என்றால் வேனே தருகிறேன் என்றாள்.